ஓசை அடங்கிய லௌபன்பூர்க்: மின்சாரத்துக்குள் மூழ்கிய ஒரு சிற்றருவி



கோடை விடுமுறை வந்தால் யேர்மனியில் வாழும் எங்கள் குடும்பங்கள் பல, ஒருமுறையாவது சுவிஸ் எல்லைப்பக்கம் போய்வருவது வழக்கம். சூரிச்சிலோ பேர்ணிலோ ஒரு மாமியோ சித்தப்பாவோ இருப்பார். போகிற வழியில் ஷாஃப்ஹவுசனில் இறங்கி, றைன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். எங்கள் வீடுகளின் படத்தொகுப்புகளைப் புரட்டினால், பின்னணியில் வெள்ளையாய் நுரைத்துக் கொட்டும் அந்த நீர் எப்படியும் ஒரு பக்கத்தில் இருக்கும். 150 மீற்றர் அகலமும் 23 மீற்றர் உயரமும் கொண்ட அந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாதம் பேச வந்தது அதைப் பற்றியல்ல. அதே ஆற்றில், அங்கிருந்து 70 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் கீழே, ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமற்போன அதன் தங்கையைப் பற்றி.

அந்த இடத்தின் பெயர் லௌபன்பூர்க். டொச் மொழியில் 'லௌபன்' என்றால் ஓடுதல் என்று எங்கள் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். றைன் கரையிலோ அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்றும் உண்டு. பாறைகளுக்கிடையே ஆறு நெரிபட்டு, படிபடியாகக் குதித்து இறங்கும் இடத்தை லௌபன் என்றார்கள். ஷாஃப்ஹவுசன் நீர்வீழ்ச்சிக்கு மேலே நிற்கும் கோட்டையின் பெயரும் லௌபன்தான். ஆக, லௌபன்பூர்க் என்பது 'பாய்ச்சலின் கோட்டை'. பெயர் இருக்கிறது, கோட்டையின் இடிந்த கோபுரமும் இருக்கிறது. பாய்ச்சல்தான் இல்லை.

முதலில் அந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கரையிலும் ஒரே பெயரில் இரண்டு நகரங்கள். நெப்போலியன் காலத்தில், 1801இல் எல்லை போடப்பட்டபோது றைன் நதியே எல்லையாகி, ஒரு நகரம் இரண்டாக வெட்டுண்டது. வடகரை இன்று யேர்மனியின் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்திலும், தென்கரை சுவிசின் ஆர்காவ் மாநிலத்திலும் இருக்கின்றன. எல்லைக்கோட்டால் பிரிக்கப்பட்ட ஊர்களைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இரண்டு ஊர்க்காரரும் இன்றுவரை ஒன்றாகவே திருவிழா கொண்டாடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய லௌபன்பூர்க்கில் ஆறு எப்படி ஓடியது? இருபக்கமும் கடினமான பாறை. நடுவிலும் பாறைகள் துருத்திக்கொண்டு நின்றன. அங்கே வந்து சேர்வதோ சிறிய ஆறு அல்ல. லௌபன்பூர்க்குக்குச் சற்று மேலே ஆரெ நதி வந்து றைனில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் ஆரெ கொண்டுவரும் தண்ணீர் றைனில் வருவதைவிட அதிகம். இந்த இரண்டின் தண்ணீரும் ஒரு ஒடுங்கிய பாறை வாய்க்குள் நுழைந்து, சுழித்து, நுரைத்து இறங்கியது. ஷாஃப்ஹவுசன்போல உயரத்திலிருந்து செங்குத்தாக விழவில்லை. பாறைகளின்மேல் சரிந்து துள்ளியது. ஊருக்குள் வருகிற எவருக்கும் ஆற்றைக் காணுமுன் அதன் ஓசைதான் முதலில் கேட்டது.

படகுகள் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. மேலிருந்து வரும் படகுகள் ஊருக்கு மேலே கரை ஒதுங்கும். சரக்கை இறக்கி வண்டிகளில் ஊர் நடுவே கொண்டுபோவார்கள். வெறும் படகை மட்டும் கயிறு கட்டி, கரையில் நின்று ஆட்கள் பிடித்துப்பிடித்து, பாறைகளுக்கிடையே மெல்ல இறக்குவார்கள். இதற்கென்றே ஒரு தொழிலாளர் கூட்டம் இருந்தது. 'லௌபன் கினெக்ட்' என்று அவர்களுக்குப் பெயர். பாய்ச்சலின் ஊழியர்கள் என்று சொல்லலாம். கறுப்புக் காட்டிலிருந்து தெப்பமாகக் கட்டி வரும் மரங்களையும் அங்கே அவிழ்த்து, தனித்தனியாக ஓடவிட்டு, கீழே பிடித்து மறுபடி கட்டுவார்கள். எங்கள் கரையோர ஊர்களில் வள்ளம் இழுக்கும்போது தோள் கொடுத்த ஆட்களை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி கண்முன் வரும். 1856இல் பாசலிலிருந்து வால்ட்ஸ்ஹூட் வரை புகைவண்டிப் பாதை வந்தபோதே இந்தத் தொழில் ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது.

1793இல் ஓர் ஆங்கிலப் பிரபு, மொண்டகு என்பவர், தன் நண்பருடன் இந்தப் பாய்ச்சலைப் படகில் தாண்டிக் காட்டுகிறேன் என்று இறங்கினார். ஊர்க்காரர் தடுத்தும் கேட்கவில்லை. இருவரும் திரும்பி வரவில்லை. அதே நாட்களில் இங்கிலாந்தில் அவருடைய பெரிய மாளிகையும் தீப்பிடித்து எரிந்துபோனது. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டவேயில்லை என்று சொல்வார்கள். பிரித்தானிய ஓவியர் ரேணர் இந்த இடத்துக்கு வந்து வரைந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இது அவ்வளவு பெயர்பெற்ற காட்சி.

ஆனால் ஊர்க்காரருக்கு அது காட்சி அல்ல, சோறு. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் எதிர்நீச்சலிட்டு முட்டையிட வரும் சால்மன் மீன்கள், பாய்ச்சலுக்குக் கீழே வந்து களைத்து நிற்கும். அங்கே வலை வைத்தால் போதும். றைன் கரை மக்கள் இந்த ஒரே மீனுக்குப் பருவத்துக்கு ஏற்ப 'சால்ம்' என்றும் 'லாக்ஸ்' என்றும் இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். ஒரு மீனுக்கு இரண்டு பெயர் வைக்கிற ஊர், அந்த மீனோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும்!

இனி மின்சாரத்துக்கு வருவோம். நீர் மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று எங்கள் வயதுக்காரருக்கு விளக்குவது மிக எளிது. 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு வந்த லக்சபான மின்சாரம் நின்றுபோனது. பற்றிக்குத் தடை. மண்ணெண்ணெய் பொன்விலை. அப்போது வானொலிச் செய்தி கேட்க நாங்கள் என்ன செய்தோம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை நொந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். அந்த டைனமோவுக்குள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இருந்தன. ஒன்று மற்றதன் அருகே சுழன்றால் கம்பியில் மின்சாரம் ஓடும். அணையில் இருப்பதும் அதே டைனமோதான். சுற்றுவது தம்பியின் கை அல்ல, தண்ணீர். இந்த விளக்கத்தை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலும் உங்கள் வாழ்க்கையும் ஒரே இடத்தில் சந்திக்கும்.

தண்ணீர் எவ்வளவு பலத்தோடு சுற்றும் என்பது இரண்டு விடயத்தில் தங்கியிருக்கிறது. ஒன்று, எவ்வளவு தண்ணீர் வருகிறது. மற்றது, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது. ஒரு கன மீற்றர் தண்ணீர், அதாவது ஆயிரம் லீற்றர், ஒவ்வொரு செக்கனும் 10 மீற்றர் இறங்கினால், கணக்கின்படி 98 கிலோவாற்று வலு கிடைக்கும். இயந்திரத்தில் கொஞ்சம் வீணாகிப்போனாலும் 85 முதல் 90 வரை கையில் மிஞ்சும். லௌபன்பூர்க்கில் சராசரியாகச் செக்கனுக்கு ஆயிரம் கன மீற்றர் அளவில் தண்ணீர் வருகிறது. அணையில் அது இறங்கும் உயரம் சுமார் 10 மீற்றர். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 90 மெகாவாற்று. அந்த நிலையம் இன்று முழு வலுவில் இயங்கும்போது தருவது 106 மெகாவாற்று. வெள்ளக் காலத்தில் தண்ணீர் கூடுவதால் இந்த வித்தியாசம்.

போடன்சே ஏரியிலிருந்து பாசல் வரை றைன் ஏறத்தாழ 150 மீற்றர் இறங்குகிறது. இந்த உயரத்தைப் பார்த்ததும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியியலாளர்களின் கண்கள் விரிந்தன. ஷாஃப்ஹவுசனுக்கு அருகே நொய்ஹவுசனில் 1888இல் அலுமினியத் தொழிற்சாலை ஒன்று தொடங்கி, நீர்வீழ்ச்சியின் பலத்தில் இயங்கியது. 1898இல் றைன்ஃபெல்டனில் பெரிய ஆற்று மின்நிலையம் எழுந்தது. ஐரோப்பாவில் அந்த வகையில் அதுதான் முன்னோடி. பிறகு வந்தது லௌபன்பூர்க். 1908இல் வேலை தொடங்கி 1914இல் முடிந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். நீர்மின் அணை ஒரு நீர்வீழ்ச்சியை இரண்டு வழிகளில் மாற்றலாம். ஒன்று பட்டினி போடுவது. நீர்வீழ்ச்சிக்கு மேலே அணை கட்டி, தண்ணீரைக் குழாய்க்குள்ளோ சுரங்கத்துக்குள்ளோ திருப்பி, கீழே வேறிடத்தில் விடுவது. பாறை அப்படியே இருக்கும், தண்ணீர் வராது. மற்றது மூழ்கடிப்பது. நீர்வீழ்ச்சிக்குக் கீழே அணை கட்டினால், பின்னால் தேங்கும் நீர் உயர்ந்து உயர்ந்து பாய்ச்சலையே விழுங்கிவிடும். தண்ணீர் முழுவதும் இருக்கும், ஆனால் விழுவதற்கு இடம் இருக்காது. லௌபன்பூர்க்கில் நடந்தது இரண்டாவது. பழைய நகரத்துக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் கீழே ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். அதோடு விடவில்லை. பாய்ச்சலின் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏன் என்று கேட்கலாம். எப்படியும் மூழ்கப்போகிற பாறையை ஏன் உடைக்கவேண்டும்? பாறை வாயில் தண்ணீர் நெருக்குண்டு துள்ளினால், அந்தத் துள்ளலில் உயரம் வீணாகும். பொறியியலாளருக்கு அந்த உயரம் முழுவதும் அணையில் வேண்டும். அதாவது நுரையாகவும் ஓசையாகவும் போய்க்கொண்டிருந்த பலத்தைச் சேகரித்து, ஒரு கிலோமீற்றர் கீழே கொண்டுபோய் இயந்திரத்தின்மேல் இறக்கினார்கள். அருவி அழியவில்லை, இடம் மாறியது என்றுகூடச் சொல்லலாம். இன்று அது அணைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

இதை யாரும் எதிர்க்காமல் விட்டார்களா? இல்லை. ஏர்ன்ஸ்ட் றூடோர்ஃப் என்றொரு இசைப் பேராசிரியர் இருந்தார். 1904இல் டிறேஸ்டன் நகரில் 'ஹைமாற்ஷூட்ஸ்', அதாவது தாயகப் பாதுகாப்பு, என்ற பெயரில் ஒரு சங்கம் அமைக்க முன்னின்றவர் அவர். அந்தச் சங்கம் கையிலெடுத்த முதற் பெரிய போராட்டமே லௌபன்பூர்க் பாய்ச்சலைக் காப்பாற்றுவதுதான். பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசாங்கம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டது, வேலையை நிறுத்தவில்லை. பாடன் அரசு செய்தது ஒன்றே ஒன்று. குஸ்ராவ் ஷூன்லேபர் என்ற ஓவியரிடம், பாய்ச்சல் மறையுமுன் அதை வரைந்து தரும்படி கேட்டுக்கொண்டது. அழிக்க முடிவு செய்தவர்களே ஓவியமும் வரைவித்து வைத்தார்கள். இது எனக்குச் சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாகத் தருகிற சங்கதி.

ஒரு பக்கக் குறிப்பு. 'ஹைமாற்ஷூட்ஸ்' என்ற சொல்லை இன்று யேர்மனியில் கேட்டால் எங்களுக்கு நெஞ்சு சற்றுத் திடுக்கிடும். அதற்குக் காரணம் உண்டு. 1990களில் துயூறிங்கன் மாநிலத்தில் ஒரு நவநாசிக் கூட்டம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2000ஆம் ஆண்டுக்கும் 2007க்கும் இடையில் பத்துப் பேரைக் கொன்ற, அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பின்னணி கொண்ட சிறு வணிகர்களாக இருந்த, அந்த மூவர் அணி அங்கிருந்துதான் முளைத்தது. ஒரு நீர்வீழ்ச்சிக்காகப் புறப்பட்ட சொல் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். றூடோர்ஃபின் சங்கத்தாரிலும் எல்லோரும் பரந்த மனத்தினர் என்று சொல்லமுடியாது. ஆயினும் லௌபன்பூர்க் விடயத்தில் அவர்கள் கேட்ட கேள்வி நேர்மையானது: ஓர் ஆற்றின் அழகு யாருக்குச் சொந்தம், அதை விற்க யாருக்கு உரிமை?

அணை வந்தபின் ஊருக்கு என்ன ஆனது? மின்சாரம் வந்தது, தொழில் வந்தது. 1958இல் யேர்மனி, சுவிஸ், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் உயர் அழுத்த மின்வலைகள் முதன்முதலாக ஒன்றாய்த் தொடுக்கப்பட்டது லௌபன்பூர்க்கில்தான். 'லௌபன்பூர்க் நட்சத்திரம்' என்று அதற்குப் பெயர். இன்று ஐரோப்பா முழுவதும் ஒரே வலையாக மின்சாரம் ஓடுகிறதென்றால் அதன் தொட்டில்களில் ஒன்று இந்தச் சிறிய ஊர். இதைச் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை. குப்பி விளக்கின் புகையில் படித்துச் சோதனை எழுதியவர்கள் மின்நிலையத்தை வெறும் கெடுதல் என்று எப்படிச் சொல்வது? புகையில்லாமல், நிலக்கரி எரிக்காமல், நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த அணை வேலை செய்கிறது.

ஆனால் விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், மின்சாரத்தை முதலில் அனுபவித்தவர்கள் அல்ல. சால்மன் பிடித்தவர்களின் வாழ்வு முடிந்தது. படகு இறக்கியவர்களின் தொழில் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. இப்போது தடமும் போனது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் வந்தன. ஷாஃப்ஹவுசனுக்கும் பாசலுக்கும் இடையே மட்டும் இன்று பதினொரு பெரிய மின்நிலையங்கள். கழிவு நீரும் சேர்ந்துகொள்ள, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு மேல் றைனில் சால்மன் மறைந்தே போனது.

நான் முன்பு சொன்ன திருவிழா இதுதான். லௌபன்பூர்க்கில் மீனவர் சங்கம் ஒன்று இருக்கிறது. 1386 என்ற ஆண்டைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. இன்று அதன் முக்கிய வேலை, ஃபாஸ்நாக்ட் நாட்களில் மரமுகமூடி அணிந்து, துண்டுத் துணிகள் தைத்த உடையில் தெருவில் இறங்குவது. இரண்டு நாட்டு ஊர்க்காரரும் ஒரே சங்கம். மீன் போய்விட்டது, பாய்ச்சல் போய்விட்டது, மீனவர் பெயர் மட்டும் விழாவில் உயிரோடு இருக்கிறது. ஊரை விட்டு வந்து, இங்கே மண்டபம் வாடகைக்கு எடுத்து ஊர்ச்சங்கத்தின் பெயரில் ஒன்றுகூடல் வைக்கிற எங்களுக்கு இது புதிதல்ல.

1986 நவம்பர் முதலாம் திகதி பாசலுக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலவில் சண்டோஸ் நிறுவனத்தின் களஞ்சியம் எரிந்து, நஞ்சு கலந்த தண்ணீர் றைனில் ஓடியதை எங்களில் முன்னமே வந்தவர்கள் அறிவார்கள். விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பின்புதான் றைன் கரை நாடுகள் சேர்ந்து, சால்மனைத் திரும்பக் கொண்டுவருவதென்று திட்டமிட்டன. அணைகளின் பக்கத்தில் மீன் ஏறுவதற்குப் படிக்கட்டுப்போன்ற பாதைகள் கட்டினார்கள். 2000இல் இஃபெட்ஸ்ஹைம், 2006இல் காம்ப்ஸ்ஹைம், 2016இல் ஸ்ராஸ்பூர்க், 2019இல் கேர்ஸ்ட்ஹைம் என்று ஒவ்வொரு அணையாகக் கதவு திறக்கிறது. றைன்ஃபெல்டனில் பழைய மின்நிலையத்துக்குப் பதிலாக 2010இல் புதியது இயங்கத் தொடங்கியபின், பழைய கால்வாய் இருந்த இடத்தில் மீன்களுக்காக இயற்கை ஓடைபோல ஒரு வழி அமைத்தார்கள். ஒரு மீனுக்கு வீடு திரும்பும் பாதை போட இத்தனை ஆண்டுகளும் இத்தனை நாடுகளும் தேவைப்படுகின்றன.

பட்டினி போடும் வகைக்கும் யேர்மனியில் உதாரணம் உண்டு. பவேரியாவில் வால்கன்சே மின்நிலையம் 1924இல் இயங்கத் தொடங்கியபோது, ஈசார் நதியின் தண்ணீரைக் குறூன் என்ற இடத்தில் திருப்பி ஏரிக்குள் விட்டார்கள். 200 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கி அது மின்சாரமாகிறது. ஆனால் குறூனுக்குக் கீழே ஈசார் பல பத்தாண்டுகள் வெறும் கல்படுக்கையாய்க் கிடந்தது. மக்கள் போராடி, 1990இலிருந்துதான் கொஞ்சத் தண்ணீரை ஆற்றிலேயே விடுகிறார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த நீர்ச் சட்டத்தில், அணை வைத்திருப்பவர் ஆற்றில் உயிர்கள் வாழத் தேவையான அளவு தண்ணீரை விட்டே ஆகவேண்டும் என்று தனியொரு பிரிவு இருக்கிறது.

எங்கள் நாட்டிலும் இதே கதை. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவில் விழும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஹற்றன் பக்கம் ரயிலில் போனால் யன்னலோரம் தெரியும். 80 மீற்றர் உயரம். அதற்கு மேலே மேல் கொத்மலை அணையைக் கட்டி, தண்ணீரை மலைக்குள் சுரங்கத்தால் கொண்டுபோய் 150 மெகாவாற்று மின்சாரம் எடுக்கும் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சூழலியலாளரும் மலையகத்தாரும் நீண்டகாலம் எதிர்த்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு: பகல் வேளையில் பார்வைக்காகக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் விடப்படும். அதாவது அந்த அருவி நேரசூசிப்படி விழுகிறது. அணைக்காக இடம்பெயர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களில் தோட்டத் தமிழர்களே அதிகம். அதற்கு முன்னும் 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் பழைய கோவிலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். சனங்கள் போய்ப் பார்த்துவருவார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'லக்சபான கறண்ட்' என்று சொல்லிப் பாவித்த மின்சாரத்தின் பின்னால் இப்படியெல்லாம் மலையகத்து மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அந்த நாளில் எங்களில் எத்தனை பேர் யோசித்தோம்?

ஷாஃப்ஹவுசன் எப்படித் தப்பியது என்றும் சிலர் கேட்கக்கூடும். அங்கேயும் ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அண்மைக் காலத்தில்கூட, றைன் நீர்வீழ்ச்சியில் கூடுதல் மின்சாரம் எடுக்க வழிதிறக்கும் சட்டமாற்றம் ஒன்று வந்தது. 2014 மே மாதம் ஷாஃப்ஹவுசன் மாநில மக்கள் வாக்களித்து அதை நிராகரித்தார்கள். அங்கே மக்களிடம் கேட்டார்கள், தண்ணீர் இன்னும் விழுகிறது. லௌபன்பூர்க்கில் 1908க்கு முன் அப்படி ஒரு வாக்கெடுப்பு வைக்கப்பட்டிருந்தால் ஊர்க்காரர் அணைக்கே வாக்களித்திருக்கவும் கூடும். வேலையும் வெளிச்சமும் வேண்டியிருந்த காலம் அது. இருந்தாலும் கேட்பது வேறு, கேட்காமல் செய்வது வேறு.

இனி, போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். பாசல் பாடிஷர் நிலையத்திலிருந்து வால்ட்ஸ்ஹூட் பக்கம் போகும் தொடருந்தில் ஏறினால் லௌபன்பூர்க் வரும். அந்தப் பாதையில் மின்மயமாக்கும் வேலைகள் நடப்பதால் புறப்படுமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிஸ் பக்கத்து லௌபன்பூர்க்குக்கும் பாசலிலிருந்து தொடருந்து உண்டு. நிலையத்திலிருந்து நடந்தே பழைய பாலத்துக்கு வரலாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். பச்சை நிறத்தில், ஏரிபோல, ஓசையில்லாமல் தண்ணீர் நகரும். இரு கரையிலும் எஞ்சியிருக்கும் பாறைகள் ஆறு எவ்வளவு ஒடுங்கியதென்று காட்டும். பழைய பாய்ச்சல் உங்கள் காலடியில்தான். பிறகு கோட்டைக் கோபுரம் நிற்கும் குன்றில் ஏறினால், இரண்டு நகரங்களும் கீழே அணை இருக்கும் பக்கமும் தெரியும்.

ஊரின் இன்னொரு பாலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2004இல் திறக்கப்பட்ட புதிய றைன் பாலம் அது. கடல் மட்டத்தை யேர்மனி அம்ஸ்ரடாமை வைத்தும் சுவிஸ் மார்செய்யை வைத்தும் அளக்கின்றன. இரண்டுக்கும் 27 சென்ரிமீற்றர் வித்தியாசம். அது தெரிந்திருந்தும், கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். பாலம் கட்டும்போது இரண்டு பக்கமும் 54 சென்ரிமீற்றர் ஏறுமாறாக வந்து நின்றன. சரிசெய்துதான் திறந்தார்கள். கணக்கில் குறியைக் கவனி என்று வீட்டில் திட்டும் பெற்றோருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நுரைத்து ஓடும் லௌபனை உண்மையில் காணவேண்டுமென்றால், லௌபன்பூர்க்குக்கு மேலே, வால்ட்ஸ்ஹூட்டைத் தாண்டி, சுவிஸ் பக்கத்தில் கோப்லென்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. றைன் கரையிலுள்ள பெரிய யேர்மன் நகரம் அல்ல, அதே பெயர்கொண்ட சிறிய ஊர். அங்கேயும் ஒரு மின்நிலையம் கட்டத் திட்டம் இருந்தது, அது கட்டப்படவில்லை. அதனால் கோப்லென்ஸ் லௌபன் இன்றும் பாறைகளின்மேல் சலசலத்து ஓடுகிறது. அதைப் பார்த்தபின் லௌபன்பூர்க் பாலத்தில் நின்றால், என்ன போனதென்று சொல்லாமலே விளங்கும்.

எல்லை விடயம். 1980களிலும் 90களிலும் இந்தப் பாலம் எங்களில் பலருக்குப் பார்க்க மட்டுமே உரியதாக இருந்தது. தஞ்சம் கோரியவர்கள் தங்கள் மாவட்டத்தையே தாண்டக்கூடாது என்றிருந்த காலத்தில் சுவிஸ் கரை என்பது எங்கே! 2008 டிசம்பரிலிருந்து சுவிசும் ஷெங்கன் வலயத்தில் இருப்பதால், வதிவிட அனுமதியும் செல்லுபடியான கடவுச்சீட்டும் அல்லது அகதிகளுக்கான நீலப் பயணப் பத்திரமும் உள்ளவர்கள் தாராளமாகப் போய்வரலாம். ஆனால் பத்திரங்களைக் கையோடு கொண்டுபோங்கள். 2023 இலையுதிர் காலத்திலிருந்து யேர்மனி தன் சுவிஸ் எல்லையில் மறுபடி சோதனை செய்கிறது. தஞ்ச விண்ணப்பம் முடிவாகாதவர்களும் 'டுல்டுங்' வைத்திருப்பவர்களும் பாலத்தின் நடுக்கோட்டைத் தாண்டவேண்டாம். யேர்மன் கரையிலிருந்தே ஆறு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகளோடு போகிறவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது. அணைகளுக்கு அருகே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். மேலே இழுவை இருக்கும். கீழே, நிலையம் தண்ணீரைத் திறக்கும்போது சில நிமிடங்களில் மட்டம் உயரும். கரைகளில் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். படித்துச் சொல்லப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் கரையில் இருந்தே சாப்பிடலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.